மூன்றாவது முறையும் வெண்புள்ளி

கேள்வி: எங்கள் வீட்டுத் தொட்டி 3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரம். போன ஆகஸ்டில் வாங்கினோம். 6 கோல்ட் ஃபிஷ், ஒரு சக்கர் மீன், பிளாஸ்டிக் செடிகள். தீபாவளி சமயம் மழை பிடித்துக்கொண்டபோது மீன்கள் மேல் ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். கடையில் நீல மருந்து கொடுத்தார்கள், மூன்று நாள் ஊற்றினேன். புள்ளி போய்விட்டது, ஆனால் 2 மீன் செத்துவிட்டது. தொட்டியைக் காலி செய்து, கூழாங்கற்களை பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்து, ஃபில்டர் பஞ்சையும் கழுவி வெயிலில் காயவைத்து, பக்கெட்டில் வைத்திருந்த மீன்களைத் திரும்ப விட்டேன். புதிதாக 2 வாங்கினேன். டிசம்பரில் மறுபடி அதே நோய், அதே வைத்தியம். புதிதில் ஒன்று போயிற்று. பொங்கல் முடிந்து இன்னும் ஒன்று வாங்கினேன். ஒரே வாரத்தில் மூன்றாவது தடவை! இந்த முறை புது மீனுக்கு மட்டும்தான் புள்ளி. பழைய மீன்கள் பளிச்சென்று இருக்கின்றன. கடைக்காரர் நோய் மீனைத் தலையில் கட்டுகிறாரா? ஒவ்வொரு ஞாயிறு காலையிலும் முக்கால் தொட்டித் தண்ணீரை மாற்றிச் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறேன். மஞ்சள், பூண்டு, வேப்பிலை போடலாம் என்கிறார்கள். ஒருவர் ஆன்டிபயாட்டிக் கேப்சூலைப் பிரித்துக் கொட்டச் சொன்னார். எதைச் செய்ய? என் 8 வயது மகள் கையை விட்டுத்தான் தீனி போடுகிறாள், அவளுக்கு ஒட்டுமா? நான்கு படங்கள் இணைத்துள்ளேன்.
— ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள திருச்சி வாசகருக்கு,

முதலில் மகள் விஷயம். வெண்புள்ளி நோய் மனிதருக்கு ஒட்டாது, பயப்பட வேண்டாம். ஆனால் மீன் தொட்டித் தண்ணீரில் வேறு சில கிருமிகள் உண்டு. கையில் வெட்டோ சிராய்ப்போ இருந்தால் அதன் வழியாகத் தோலில் ஆறாத புண்ணை உண்டாக்கக்கூடிய பாக்டீரியாவும் அதில் அடக்கம். அதனால் காயம் இருக்கிற நாளில் கை விட வேண்டாம், மற்ற நாட்களில் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். இந்த மருத்துவத்தில் அவளுக்கும் ஒரு வேலை இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

மூன்று தடவை நோய் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எனக்கு அது தீபாவளியில் தொடங்கி இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கும் ஒரே நோயாகத்தான் தெரிகிறது. இடையில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு இந்த ஒட்டுண்ணியின் பிழைப்பை நீங்கள் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரிந்துவிட்டால் எந்த மருந்தை எத்தனை நாள் போடுவது என்று யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.

இதற்கு இக்தியோஃப்திரியஸ் மல்டிஃபிலிஸ் என்று பெயர். 1876இல் ஃபூக்கே என்பவர் வைத்தது. பிரித்துப் பொருள் சொன்னால், 'நிறையப் பிள்ளைகள் உள்ள மீன் பேன்'. பேன் இல்லை, ஒரே ஒரு செல்லால் ஆன உயிர். ஆனால் பிள்ளைகள் விஷயத்தில் பெயர் ரொம்பப் பொருத்தம். நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியும் மீனின் மேல்தோலுக்குள் புகுந்து, அங்கேயே தின்று கொழுத்துக்கொண்டிருக்கும் ஒரு ஒட்டுண்ணி. தோலின் மேல் ஒட்டியிருப்பதில்லை, தோலுக்கு அடியில் இருக்கிறது. அதனால் தண்ணீரில் ஊற்றும் எந்த மருந்தும் அந்த நிலையில் அதைத் தொடுவதில்லை. வளர்ந்து முடிந்ததும் தானாகவே தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, சிறிது நேரம் நீந்தி, கூழாங்கல், கண்ணாடி, பிளாஸ்டிக் செடி என்று கிடைத்ததில் ஒட்டிக்கொள்ளும். சுற்றிலும் கூழ் மாதிரி ஒரு உறை கட்டிக்கொள்ளும். உள்ளே இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி, சில நூறு முதல் ஆயிரம் வரை பிளக்கும். உறை வெடித்ததும் அத்தனையும் மீனைத் தேடி நீந்தும். ஒன்றிரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் செத்துப்போகும். இந்த நீந்தும் பருவத்தில் மட்டும்தான் மருந்து அதைக் கொல்கிறது.

இப்போது உங்கள் மூன்று நாள் வைத்தியத்தை இதன் மேல் வைத்துப் பாருங்கள். நீல மருந்தை ஊற்றினீர்கள், மூன்றாம் நாள் புள்ளிகள் உதிர்ந்தன, நிறுத்திவிட்டீர்கள். அவை உதிர்ந்தது மருந்தால் இல்லை. வளர்ச்சி முடிந்து, பெருகுவதற்காக இறங்கிப்போயின. மருந்து இருக்க வேண்டிய நேரமே அப்போதுதான். இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. கடையில் மூன்று நாள் என்றுதான் சொல்லி அனுப்புகிறார்கள், கண்ணும் மீன் தேறிவிட்டது என்றுதான் சொல்கிறது. எங்களிடம் வரும் பத்து பேரில் எட்டு பேர் சொல்வது இதே கதை.

சரி, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினேனே என்பீர்கள். தொட்டியில் இருந்த உறைகள் நிச்சயம் செத்திருக்கும். ஆனால் பக்கெட்டில் இருந்த மீன்களைத் திரும்ப விட்டீர்கள், அவற்றின் செவுளுக்குள் அது கூடவே வந்துவிட்டது. செவுள் மூடிக்குள் இருக்கும் புள்ளியை வெளியிலிருந்து யாராலும் பார்க்க முடியாது. அது மட்டுமில்லாமல், கழுவியதில் இன்னொன்றையும் இழந்தீர்கள். மீன் கழிவில் வரும் அம்மோனியாவைத் தின்று நச்சில்லாததாக மாற்றும் நல்ல பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சிலும் கூழாங்கல்லிலும்தான் குடியிருக்கின்றன. அவை திரும்ப உருவாக 4 முதல் 6 வாரம் ஆகும். அந்த வாரங்கள் முழுக்க உங்கள் மீன்கள் அம்மோனியாவில் செவுள் எரிய நீந்தியிருக்கும். சோர்ந்துபோன மீன், செவுளில் மிச்சமிருக்கும் ஒட்டுண்ணி, மேலே மழைக்காலம். டிசம்பரில் மறுபடி வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

மழைக்காலம் என்றதும் ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர் மாற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் மே மாதம் தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரி வரை போகும். அந்தச் சூட்டில் இந்த ஒட்டுண்ணி திணறும். கோடையில் வெண்புள்ளிப் புகார்கள் எங்களுக்கு அதிகம் வருவதில்லை. ஐப்பசி மழை தொடங்கித் தை வரைக்கும்தான் அதன் காலம். மார்கழிக் காலையில் மாடித் தொட்டித் தண்ணீர் எவ்வளவு சில்லென்று இருக்கும் என்பது குளிக்கப்போகிற எல்லோருக்கும் தெரியும். அதில் முக்கால் தொட்டியை ஒரே மூச்சில் நிரப்பினால், வீட்டுக்குள் 25 டிகிரியில் இருந்த மீன் சில நிமிடங்களில் 21க்கு இறங்கிவிடுகிறது. மீனின் நோய் எதிர்ப்பு சுருண்டுவிடும். சுத்தம் என்று நினைத்து அக்கறையோடு செய்தீர்கள், அது எனக்குப் புரிகிறது. இனி வாரம் ஒருமுறை கால் தொட்டி போதும். முதல் நாள் இரவே தண்ணீரைப் பிடித்து வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். கார்ப்பரேஷன் தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் சொட்டு மறக்கக் கூடாது.

கடைக்காரர் மேல் உங்களுக்குள்ள சந்தேகத்துக்கு வருகிறேன். புது மீன் கடையிலிருந்தே நோயோடு வந்திருக்கலாம், இல்லை என்று நான் சாதிக்கப் போவதில்லை. சென்னை கொளத்தூர் பக்கம் மீன் பண்ணைகளில் ஒரே கைவலையைத் தொட்டி தொட்டியாக முக்கி எடுப்பதை எத்தனையோ முறை பார்த்து, நின்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அந்த ஈர வலையே போதும், நோய் ஊரெல்லாம் போக. ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை வேறு பக்கம் திருப்புகிறது. 'பழைய மீன்கள் பளிச்சென்று இருக்கின்றன' என்று எழுதியிருக்கிறீர்கள். வெண்புள்ளியில் பிழைத்து எழுந்த மீனுக்கு அதன் மேல் ஓரளவு எதிர்ப்பு சக்தி வந்துவிடும், சில மாதம் தாங்கும். மேலுக்குப் புள்ளி தெரியாது, ஆனால் செவுளில் ஒன்றிரண்டு ஒட்டுண்ணி ஓட்டிக்கொண்டே இருக்கலாம். அந்தத் தொட்டிக்குள் எதிர்ப்பே இல்லாத ஒரு புது மீன் இறங்கினால், அத்தனை குஞ்சுகளும் அதன் மேல்தான் ஏறும். அதனால் புது மீனைக் கொண்டுபோய்க் கடையில் சண்டை போடுவதற்கு முன்னால், உங்கள் தொட்டியே அதற்கு நோயைக் கொடுத்திருக்கலாம் என்பதையும் யோசியுங்கள். எங்கிருந்து வந்திருந்தாலும் வைத்தியம் ஒன்றுதான். அது முடியும்வரை இன்னொரு மீன் வாங்க வேண்டாம்.

உங்கள் நான்காவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த ஆரஞ்சு நிற மீனின் செவுள் மூடியிலும், முன்துடுப்பின் முதல் முள் மேலும் மட்டும் வரிசையாகச் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் இருக்கின்றன. உடம்பில், வாலில் ஒன்றுகூட இல்லை. அது நோய் இல்லை! ஆண் கோல்ட் ஃபிஷ் இனப்பெருக்கத்துக்குத் தயாராகும்போது அந்த இடங்களில்தான் இப்படி முத்து முத்தாக வரும். இதற்குப் போய் மருந்து ஊற்றிக் கொல்லப்பட்ட மீன்கள் நிறைய. மற்ற மூன்று படங்களில் இருப்பது சந்தேகமில்லாமல் வெண்புள்ளி. வாலிலும் முதுகிலும் ஒழுங்கில்லாமல் இறைந்து கிடக்கிறது.

இனி வைத்தியம். இன்று தொடங்கினால் குறைந்தது 14 நாள். கடைசிப் புள்ளி மறைந்த நாளிலிருந்து மேலும் 10 நாள். இரண்டில் எது பின்னால் வருகிறதோ அதுதான் முடியும் தேதி. இதை மட்டும் குறைக்காதீர்கள்.

முதல் வேலை, தண்ணீரின் அளவைச் சரியாகத் தெரிந்துகொள்வது. 3 x 1 x 1.5 என்றால் 4.5 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர், ஆக 127 லிட்டர். கூழாங்கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக உங்களிடம் இருப்பது சுமார் 105 லிட்டர்தான். தொட்டியின் வெளி அளவை வைத்து மருந்து கணக்குப் போட்டால் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகிவிடும். சில மீன்களுக்கு அதுவே எமன்.

சக்கர் மீனைத் தனியாக எடுத்துவிடுங்கள். அதற்கு உப்பும், பின்னால் சொல்லப்போகும் பச்சை மருந்தும் சரிப்படாது. ஆனால் அதுவும் நோயைச் சுமந்துகொண்டிருக்கும், அதனால் சும்மா ஒதுக்கி வைத்தால் வைத்தியம் வீண். இரண்டு பிளாஸ்டிக் டப் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றில் சக்கரை விட்டு, காற்றுக் குமிழி விடும் ஏர் கல் போடுங்கள். மறுநாள் அதே சூட்டில் தயாராக வைத்த தண்ணீருள்ள இரண்டாவது டப்புக்கு மாற்றுங்கள். முதல் டப்பைக் கவிழ்த்து, துடைத்து, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். மீனிலிருந்து உதிர்ந்த ஒட்டுண்ணி டப்பின் அடியிலேயே தங்கி, காய்ந்து செத்துவிடும். காய்ந்தால் இது பிழைக்காது. தினமும் ஒரே நேரத்தில் இப்படி மாற்றி மாற்றி, தண்ணீரை 27, 28 டிகிரியில் வைத்துக்கொண்டால் ஒரு வாரத்தில் துளி மருந்தில்லாமல் சுத்தமாகும். நான் 10 நாள் செய்யச் சொல்வேன். பெரிய தொட்டியின் வைத்தியம் முடியும்வரை அது டப்பிலேயே இருக்கட்டும். அந்த 10 நாளுக்குப் பிறகு இரண்டு நாளுக்கு ஒரு முறை தண்ணீர் மாற்றினால் போதும்.

பெரிய தொட்டிக்கு உப்பும் சூடும். 100 வாட் ஹீட்டர் ஒன்று, கூடவே தனி தெர்மாமீட்டர். ஹீட்டரில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். ஒரு நாளில் 2 டிகிரிக்கு மேல் ஏற்றாமல் 28க்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். 30க்கு மேல் ஏற்றி ஒட்டுண்ணியை அவித்தே கொல்லும் முறை டிஸ்கஸ் போன்ற மீன்களுக்கு ஒத்துவரும், கோல்ட் ஃபிஷுக்கு வேண்டாம். 28இல் நமக்கு வேண்டியது வேகம். 25 டிகிரியில் ஒரு வாரம் போல ஓடும் சுற்று, சூட்டில் இன்னும் சீக்கிரம் முடியும். அவை வேகமாக உதிர்ந்து, வேகமாக வெடித்து, உப்புத் தண்ணீரில் மாட்டிக்கொள்ளும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், அதனால் ஏர் கல் ஒன்று கூடுதலாகப் போடுங்கள். கரண்ட் போகும் ஏரியா என்றால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் கையில் இருக்கட்டும். கை விடுவதற்கு முன்னால் ஹீட்டர் பிளக்கைப் பிடுங்க வேண்டும், மகள் இருக்கிற வீடு.

உப்பு சமையலறைக் கல்லுப்புதான். கரண்டிக் கணக்கு வேண்டாம், தராசில் 105 கிராம் நிறுத்து, ஒரு மக்கில் தொட்டித் தண்ணீர் எடுத்து முழுக்கக் கரைத்து, ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்தில் மெல்ல ஊற்றுங்கள். 12 மணி நேரம் கழித்து இன்னொரு 105, மறுபடி 12 மணி நேரத்தில் கடைசி 105. லிட்டருக்கு 3 கிராம் ஆகிவிடும். பிறகு வரும் தவறுதான் அதிகம் பேர் செய்வது. உப்பு ஆவியாவதில்லை. வற்றிய தண்ணீருக்கு ஈடாக வெறும் தண்ணீரே ஊற்றுங்கள். 25 லிட்டர் எடுத்துப் புதுத் தண்ணீர் விட்டால், அந்த 25 லிட்டருக்கான 75 கிராம் மட்டும் சேர்த்தால் போதும்.

ஒருநாள் விட்டு ஒருநாள் சைஃபன் குழாயால் கூழாங்கல்லைக் கிளறி அடித்தண்ணீரை 25 லிட்டர் உறிஞ்சி வெளியேற்றுங்கள். ஒட்டியிருக்கும் உறைகள் அழுக்கோடு போகும். ஒன்றை எடுத்துவிட்டால் நாளைக்கு ஆயிரம் குறைவு. இந்த ஒரு வேலையை மருந்தைவிட நான் பெரிதாக நினைக்கிறேன். ஃபில்டர் பஞ்சை, கறுப்பாகி அடைத்துக்கொண்டால் மட்டும், அந்த எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே ஒரு பிழி பிழிந்து திரும்ப வையுங்கள். குழாயடிக்கும் வெயிலுக்கும் போகக் கூடாது.

6ஆம் நாளும் புதிய புள்ளிகள் கூடிக்கொண்டே போனால் மட்டும் மாலகைட் கிரீன் கலந்த பச்சை மருந்துக்குப் போகலாம். பாட்டிலில் எழுதிய அளவை 105 லிட்டருக்குக் கணக்குப் போட்டு, மூன்று நாளுக்கு ஒரு முறை, ஒவ்வொரு முறையும் முன்னால் கால் தொட்டி தண்ணீர் மாற்றிவிட்டு ஊற்றுங்கள். ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கரியே மருந்தைக் குடித்துவிடும். கையுறை கட்டாயம், மகள் பக்கத்தில் வேண்டாம். இது உடம்புக்குக் கெடுதலான ரசாயனம், உண்ணும் மீன்களுக்கு இதைப் போடக் கூடாது என்று தடை இருப்பது அதனால்தான். ஃபார்மலினைத் தனியாக வாங்கி வீட்டில் வைக்கவே வேண்டாம். உங்களிடம் மிச்சமிருக்கும் நீல மருந்து இந்த நோய்க்கு வலுவில்லாதது, நல்ல பாக்டீரியாவையும் கெடுக்கும்.

மஞ்சளும் வேப்பிலையும் நம் வீட்டு வைத்தியத்தில் எனக்கும் மரியாதை உள்ளவைதான். தொட்டியில் மஞ்சள் தூளைக் கொட்டினால் தண்ணீர் கலங்கி, அடியில் படிந்து அழுகும். வெண்புள்ளியை அது நிறுத்தி நான் பார்த்ததில்லை. பூண்டு வாசனைக்குச் சில மீன்கள் தீனி எடுக்கும், அவ்வளவே. ஆன்டிபயாட்டிக் கேப்சூல் வேண்டவே வேண்டாம். அது பாக்டீரியாவுக்கான மருந்து, இந்த ஒட்டுண்ணி பாக்டீரியா இல்லை. ஃபில்டரில் உள்ள நல்லவைதான் சாகும்.

14 நாள் முழுக்கச் செய்தும் புள்ளியே இல்லாமல் மீன் கல்லில் உரசிக்கொண்டோ மேலே வந்து வாய் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டோ இருந்தால், அது வேறு ஒட்டுண்ணி. பெரும்பாலும் செவுள் புழு. அதற்கு உப்பு போதாது, பிராசிகுவாண்டல் என்ற மருந்து வேண்டும். அதில் ஒரு வகை முட்டையிடும், முட்டையை மருந்து கொல்லாது, அதனால் இடைவெளி விட்டு மறுபடி போட வேண்டியிருக்கும். அந்த நிலைமை வந்தால் ஊகத்தில் எதையும் ஊற்றாமல் நுண்ணோக்கியில் பார்த்துவிடலாம். மீனின் பக்கவாட்டில் கண்ணாடித் தகடால் மெல்ல வழித்து எடுத்த ஒரு துளி கோழையே போதும். வெண்புள்ளி என்றால் பழுப்பு உருண்டை ஒன்று நிதானமாக உருண்டுகொண்டிருக்கும், அதன் நடுவில் குதிரை லாடம் போல வளைந்த ஒரு கரு தெரியும். ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். செவுள் புழு என்றால் செவுளிலிருந்து ஒரு துணுக்கு எடுக்க வேண்டியிருக்கும், அதை வீட்டில் முயலாதீர்கள். பொன்னேரி, தூத்துக்குடி மீன்வளக் கல்லூரிகளில் இந்தத் துறை ஆசிரியர்கள் இருக்கிறார்கள், கேட்டுப் பார்க்கலாம். மீன் மருத்துவம் தெரிந்த கால்நடை மருத்துவர் பக்கத்தில் கிடைத்தாலும் சரி.

இன்னொன்று, 105 லிட்டரில் 6 கோல்ட் ஃபிஷ் நெருக்கடிதான். நிறையத் தின்று நிறையக் கழிக்கும் மீன் அது. இதைப் படித்துவிட்டு இரண்டைக் கொண்டுபோய் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், நோயும் கூடவே போகும். வைத்தியம் முடிந்து, ஒரு மாதம் சுத்தமாக ஓடிய பிறகு பெரிய தொட்டியுள்ள யாருக்காவது மூன்றைக் கொடுக்கலாம். அப்புறம் எப்போது புது மீன் வாங்கினாலும், அந்த டப் ஒன்றில் 4 வாரம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொட்டிக்குள். அதற்கென்று தனி வலை, தனி மக். கடைப் பையில் வரும் தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே போகக் கூடாது.

மகளுக்கான வேலை இதுதான். தினமும் பள்ளிக்குப் போகும் முன், விளக்கைப் போடுவதற்கு முன்னால், ஒரே மீனைப் பார்த்து ஒரு நிமிடத்தில் அது செவுளை எத்தனை முறை திறந்து மூடுகிறது என்று எண்ணி, காலண்டரில் அந்தத் தேதிக்குக் கீழே எழுதச் சொல்லுங்கள். புள்ளி வெளியே தெரிவதற்கு முன்னாலேயே, செவுளில் தொல்லை இருந்தால் அந்த எண் ஏறும். தேறும்போது நாளுக்கு நாள் இறங்கும். சூடு ஏற்றும் முதல் இரண்டு மூன்று நாள் கொஞ்சம் கூடத்தான் செய்யும், அதைக் கண்டு உப்பை எடுத்துவிடாதீர்கள். 14 நாள் முடிந்ததும் அந்தக் காலண்டர் பக்கத்தை அப்படியே படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். அதைப் பார்த்துத்தான் உப்பைக் குறைக்கலாமா என்று சொல்வேன்.